பரிசோதனைத் தாளில் தமிழ் வேண்டும்

திண்டுக்கல் நாகல் நகரில் பல வீடுகளில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை டப்பாவும், அதற்கு அடியில் மடித்து வைத்த ரத்தப் பரிசோதனைத் தாள்களும் இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் ஒருமுறையும், இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறையும் ரத்தம் கொடுத்து, காசு கட்டி வாங்கிய தாள்கள். அதில் ஒரு வரி கூடத் தமிழில் இல்லை. தறியில் உட்கார்ந்து உழைத்தவருக்கும் கடையில் நின்று வியாபாரம் செய்தவருக்கும் அவர்கள் உடம்பைப் பற்றிய செய்தி, அவர்களால் படிக்க முடியாத மொழியில் போய்ச் சேருகிறது. இது மாற வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிதியளித்து, 2023இல் வெளியான ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. இத்தனை பேர் வாழ்நாள் முழுக்கச் சுமக்கும் நோயில் பாதி வைத்தியம் வீட்டில்தான் நடக்கிறது. தன் தாளைப் புரிந்துகொள்ளாதவர் அந்த வைத்தியத்தை எப்படிச் செய்வார்?

எச்பிஏ1சி பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது சொல்கிறது. 5.7க்குக் கீழே இருந்தால் நலம், 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் இரண்டு நாள் வாயைக் கட்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்து தெரியும். எச்பிஏ1சி அதற்கெல்லாம் மசியாது. இதை யாரும் சொல்லித் தராததால், "சுகர் 110தான், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பவர்கள் இருக்கிறார்கள். ரத்தசோகை உள்ளவருக்கு இந்த எண்ணே தடம் மாறலாம் என்பதையும் சொல்ல ஆள் வேண்டும்.

கொழுப்பு விஷயம் இதைவிட மோசம். நம் பேச்சில் எல்லாமே 'கொழுப்பு'தான். அதில் ரத்தக் குழாயில் படிந்து அடைப்பை உண்டாக்குவது எல்டிஎல் என்ற வகை. தாளின் ஓரத்தில் இயல்பு அளவு என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். அது எல்லோருக்கும் பொதுவானது. ஒருமுறை மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு எல்டிஎல் குறைந்தது 70க்குக் கீழேயாவது இருக்க வேண்டும் என்பதே மருத்துவர்கள் வைக்கும் இலக்கு. அவர் தாளில் 95 என்று வந்தால் அச்சடித்த அளவுப்படி 'நார்மல்'. அவர் இதயத்துக்கு அது நார்மல் இல்லை. மாத்திரையால் இறங்கிய எண்ணைப் பார்த்து, 'குணமாகிவிட்டது' என்று மாத்திரையை விட்டுவிடுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே மொழிபெயர்த்து அச்சடித்தால் மட்டும் போதாது. 'உங்களுக்கு இருக்க வேண்டிய அளவு' என்று ஒரு கட்டம் விட்டு, அதை மருத்துவர் கைப்பட நிரப்பித் தர வேண்டும்.

எண்களோடு ஆபத்து அறிகுறிகளும் தாளில் இருக்க வேண்டும். நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காமலே போகலாம். நரம்பு மரத்துப்போனதால் வியர்வை, மூச்சிரைப்பு, களைப்பு மட்டுமே தெரியலாம். 'வாயு' என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கும் அந்த நேரம்தான் உயிரைக் குடிக்கிறது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலுதவியாக 14 மாத்திரைகள் தருகிறார்கள். அருமையான ஏற்பாடு. வாயு என்று நம்பி வீட்டில் படுத்திருப்பவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? தாளின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, இந்த அறிகுறிகளையும் 108 ஆம்புலன்ஸ் எண்ணையும் பெரிய எழுத்தில் அங்கே அச்சடிக்கட்டும்.

கூட்டத்தில் விளக்க நேரமில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். புறநோயாளி வரிசையைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் தாளை அச்சடிப்பது கணினி; வடிவத்தை ஒருமுறை மாற்றினால் போதும். வாய்விட்டு விளக்க 2021 முதல் வீட்டு வாசலுக்கே வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே அது எதற்கு, எந்த எண்ணைக் குறைக்க என்று சொல்ல அவர்களுக்குப் பயிற்சி தரலாம். விவரம் தெரிந்தால் நோயாளி பயந்துவிடுவார் என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. தெரியாமல் இருப்பவர்தான் மாத்திரையை நிறுத்துகிறார்.

படிக்கும்படியான மருந்துச் சீட்டு நோயாளியின் அடிப்படை உரிமை என்று 2025இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரிசோதனைத் தாளுக்கு மட்டும் அந்த நியாயம் பொருந்தாதா?

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் ஆய்வகம் தமிழ்த் தாளை முதலில் தரட்டும். தனியார் ஆய்வகங்களுக்கு 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகளில் இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்து அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும்.