ஔவையார் வேடமும் ஓர் அம்மையாரின் தயக்கமும்

சென்ற செப்டம்பரில் எங்கள் முதியோர் நல மருத்துவப் பிரிவுக்கு 72 வயது அம்மையார் ஒருவர் வந்தார். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உயர் இரத்த அழுத்தத்துக்கும் இடது முழங்கால் தேய்மானத்துக்கும் எங்களிடம் மருத்துவம் பெற்று வருபவர். அன்று அவர் நோய் எதையும் சொல்ல வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்திருந்தார். மும்பையில் வாழும் மகள்வழிப் பேத்தி, ஜனவரியில் நடைபெறும் மும்பை மராத்தானின் மூத்த குடிமக்கள் ஓட்டத்துக்குப் பாட்டியின் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். ஔவையார் வேடத்தில் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

“போகலாமா, டாக்டர்?” என்று அவர் கேட்டார். நாங்கள் வாய் திறக்குமுன் உடன் வந்திருந்த மகன், “வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்” என்றார்.

அம்மையாரின் இசைவோடுதான் இதை எழுதுகிறோம். அவருடைய கேள்வி பல குடும்பங்களுக்கும் உரியது.

மும்பை மராத்தான் 2004 முதல் நடந்து வருகிறது. முழு மராத்தான் 42 கிலோமீட்டரைத் தாண்டும். மூத்த குடிமக்களுக்கான ஓட்டமோ ஏறத்தாழ 4 கிலோமீட்டர்தான். பெயர் ஓட்டம் என்றாலும், அதில் பலர் நடந்தே செல்கின்றனர். வேடம் புனைந்து வருவோரும் பதாகை ஏந்தி வருவோரும் உண்டு. பரிசைவிடப் பங்கேற்பே அங்கு பெரிது.

மருத்துவர்களாகிய எங்களுக்கு “வேண்டாம்” என்பது எளிய சொல். தடுத்த மருத்துவரை எவரும் குறை கூறுவதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கும் பக்க விளைவு உண்டு. அசையாதிருக்கும் உடலில் தசை மெலிகிறது, சமநிலை குன்றுகிறது, விழும் அபாயம் கூடுகிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை, 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது.

ஆகவே விடை சொல்வதை ஒத்திவைத்து, அம்மையாரிடம் இரண்டு கேள்விகள் கேட்டோம். எது உங்களை அழைக்கிறது? எது உங்களைத் தடுக்கிறது?

அழைப்பது எது என்பதை உடனே சொன்னார். முப்பது ஆண்டுகள் மாறுவேடப் போட்டிக்குக் குழந்தைகளைத் தயார் செய்தவர் அவர். பாரதியாருக்கு மீசை வரைந்திருக்கிறார்; ஔவையாருக்கு நெற்றியில் நீறு பூசி, வெண்முடி சூட்டியிருக்கிறார். தாம் ஒருநாளும் மேடை ஏறியதில்லை.

தடுப்பவை மூன்று: மார்பில் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்பது ஒன்று. கூட்டத்தில் விழுந்துவிடுவோமோ என்பது மற்றொன்று. மூன்றாவதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “குழந்தை கிழவி வேடம் போட்டால் அழகு. கிழவியே கிழவி வேடம் போட்டால் சிரிக்க மாட்டார்களா? கோல் வேண்டாம் என்று 2 ஆண்டுகளாக உங்களிடம் மறுத்து வருகிறேன். இப்போது வேடத்துக்காக அதை ஊன்ற வேண்டுமா?”

ஆசையும் அச்சமும் ஒரே மனத்தில் இருப்பது நோயன்று, குழப்பமும் அன்று. அந்த மனத்துக்கு “ஆம்” அல்லது “வேண்டாம்” என்று ஒற்றைச் சொல்லில் விடை கூறுவதே தவறு என்பது எங்கள் கருத்து. ஒவ்வோர் அச்சத்துக்கும் வெவ்வேறு விடை உண்டு.

முதல் அச்சம் எங்கள் பொறுப்பு. இரத்த அழுத்தத்தைப் பார்த்தோம், இசிஜி எடுத்தோம். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமரச் செய்து நேரத்தைக் கணக்கிட்டோம். தடை ஏதும் தென்படவில்லை. நாளுக்குப் பத்து நிமிட நடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொன்னோம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாது. அதுவே மிதமான வேகம். இரத்த அழுத்த மாத்திரைகளுள் சில நாடித் துடிப்பை உயர விடுவதில்லை. ஆகவே நாடியை மட்டும் எண்ணி வேகத்தை அளத்தல் கூடாது. மார்பில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, பேச முடியாத மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே நின்று உதவி கேட்க வேண்டும். பயண நாளிலும் மாத்திரையை விடலாகாது. இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளர்கள் சர்க்கரை தாழ்ந்தால் உண்பதற்குக் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது அச்சத்துக்கு விடை பெரும்பாலும் வேடத்திலேயே இருந்தது. வியர்வை உலர விடாத துணி உடலைச் சூடாக்கும். ஆகவே மெல்லிய பருத்திப் புடவை. தரையில் புரளும் கரை காலை இடறும். ஆகவே கணுக்காலுக்கு மேலே கட்டு. கனத்த பொய்முடிக்குத் தேவையே இல்லை. அவருடைய சொந்த முடியே வெண்மையானது. ஔவையார் வெறுங்காலில் நடந்திருக்கலாம்; நம் அம்மையாருக்கு வழுக்காத காலணி கட்டாயம்.

மூன்றாவது அச்சத்துக்கு எங்கள் மருந்துச் சீட்டில் இடமில்லை. ஆனால் ஔவையாரைப் பற்றிய வழிவழிக் கதை ஒன்றை நினைவூட்டினோம். திருமணப் பேச்சு எழுந்தபோது இளம்பெண்ணாகிய அவர் விநாயகரிடம் முதுமையை வேண்டிப் பெற்றார் என்பது கதை. 1953ஆம் ஆண்டு வெளிவந்து, கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘ஔவையார்’ படம் அதைப் பலருக்கும் அறிமுகம் செய்தது. அக்கதையில் நரை அவரை வீட்டில் இருத்தவில்லை. ஊர் ஊராக நடக்க விட்டது. அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இதை நான்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்” என்றார்.

கோலை வேடத்துக்காக மட்டும் ஏற்றார். எங்கள் பிசியோதெரபிஸ்ட் அதன் உயரத்தை மணிக்கட்டு மடிப்பளவுக்குச் சரிசெய்து, நோகும் இடக்காலுக்கு எதிராக வலக்கையில் பிடிக்கக் கற்பித்தார். மூன்றாம் வாரம், ஒத்திகைக்கு எடுத்த கோலைக் கடைக்குப் போகும்போதும் எடுத்துச் செல்வதாக அவரே சொன்னார். முழங்கால் வலி குறைந்திருந்தது.

குடும்பத்தினருக்கு ஒன்று கூற விரும்புகிறோம். மகனின் மறுப்பும் அன்பு. பேத்தியின் பதிவும் அன்பு. ஆயினும் இருவருமே அவரைக் கேளாமல் முடிவு செய்தனர். முதியவரை வற்புறுத்தி அனுப்புவதும் அஞ்சி நிறுத்துவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். அவர் பாதி வழியில் திரும்பினாலும், புறப்படும் இடத்திலேயே மனம் மாறினாலும், அதுவும் அவருடைய முடிவாகவே இருக்கட்டும்.

சென்ற வாரம் வந்தபோது, “அச்சம் போய்விட்டதா?” என்று கேட்டோம்.

“இல்லை, டாக்டர். அதையும் அழைத்துக்கொண்டுதான் போகிறேன்” என்றார். மகன் தமக்கும் சேர்த்து ரயிலுக்கு முன்பதிவு செய்திருக்கிறார்.

உங்கள் வீட்டு முதியவர் மனத்திலும் இத்தகைய ஆசையொன்று இருக்கலாம். அடுத்த முறை வரும்போது பழைய பரிசோதனை முடிவுகளோடு அதையும் எங்களிடம் கொண்டு வாருங்கள்.