குணசாலி என்றால் யார்?



கிறிஸ்தவ வீடுகளின் கல்யாண வாழ்த்துகளிலும் அம்மாமாரின் நினைவு மலர்களிலும் 'குணசாலியான பெண்' என்ற சொல்லை நாம் வாசித்திருக்கிறோம். நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் வருகிற சொல் அது. கேட்டதும் நம் மனதில் வருவது அடக்கமான, எதிர்த்துப் பேசாத ஒரு பெண்.

ஆனால் எபிரேய மூலத்தில் இருக்கிற சொல் 'ஹயில்'. பலம், திறமை, செல்வம், படை என்று அதற்குப் பல பொருள் உண்டு. பார்வோனின் சேனையையும் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். கிதியோனை அழைக்கும் தொடரிலும் அதே சொல் வருகிறது. அங்கே தமிழ் வேதாகமம் 'பராக்கிரமசாலி' என்று போடுகிறது. ஆணுக்கு வந்தால் பராக்கிரமம், பெண்ணுக்கு வந்தால் குணம்!

அந்த அதிகாரத்துப் பெண் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். காணியைப் பார்த்து விசாரித்து வாங்குகிறாள். தன் உழைப்பில் திராட்சைத் தோட்டம் வைக்கிறாள். துணி நெய்து வியாபாரிகளுக்கு விற்கிறாள். ஞானமாகப் பேசுகிறாள். அரசன் லேமுவேலுக்கு அவனுடைய தாய் சொன்ன புத்திமதியோடு சேர்ந்து வரும் பகுதி இது. யூதக் குடும்பங்களில் வெள்ளி இரவு ஓய்வுநாள் தொடங்கும்போது இதைப் பாடுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது.

முஸ்லிம்களான உங்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நீதிமொழிகளோடு பேர் சேர்த்துச் சொல்லப்படுகிற சுலைமான் நபி எங்களுக்கும் நபிதான். எங்கள் அன்னை கதீஜா நாயகியும் வியாபாரம் செய்தவர். பெண் உழைத்ததில் பெண்ணுக்குப் பங்குண்டு என்று குர்ஆனும் சொல்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். வெங்காயத் தோட்டத்திலும் சந்தையிலும் பாடுபடுகிற பெண்களுக்கு இங்கே குறைவில்லை. சீதனக் காணியின் உறுதியும் பெரும்பாலும் அவர்கள் பேரில்தான் இருக்கிறது. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட பெண், கல்யாணமான பிறகு, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சொந்தக் காணியையே கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. மரண சாசனம் எழுதுவதற்கு மட்டும் அந்தச் சம்மதம் தேவையில்லை. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலும், எங்கே இருக்கிறான் என்றே தெரியாவிட்டாலும், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும். போரில் கணவன் காணாமல் போன ஒரு பெண் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு இரண்டு பரப்பை விற்க நினைத்தால், அவள் நிலை என்ன?

அடுத்த வீட்டைச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டை மறைக்கக் கூடாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கல்யாணப் பதிவில் மணமகளின் கையெழுத்தைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. காதி நீதிபதியாகப் பெண் வரவும் அது இடம் வைக்கவில்லை. எங்கள் பெண்கள் பல வருடமாகக் கேட்டுவரும் திருத்தங்கள் இவை. மார்க்கத்தில் சம்மதம் கேட்கச் சொல்லியிருக்கும்போது, பதிவில் அவள் கையெழுத்தை வாங்க நமக்கு என்ன தயக்கம்?

சட்டம் எப்போது மாறும் என்று தெரியாது. அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்யலாம். கணவன்மார் மனைவியின் காணிக்குச் சம்மதம் கொடுக்க இழுத்தடிக்க வேண்டாம். நிக்காஹ் நடத்துகிறவர்கள் மணமகளின் கையெழுத்தையும் கேட்டு வாங்கட்டும். மகளுக்கு உறுதி எழுதுகிற தகப்பன், அதை வாசித்து விளங்கவும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

அந்த அதிகாரம் முடிகிற இடம் ஊர்வாசல். பெரியவர்கள் கூடி வழக்குத் தீர்க்கிற இடம் அது. அவளுடைய உழைப்பின் பலனை அவளுக்கே கொடுங்கள், அந்த வாசலிலே அவளைப் புகழுங்கள் என்பதுதான் அங்கே சொல்லப்படும் கருத்து. நம் ஊரில் அவளை நினைவு மலரில் புகழ்கிறோம். உயிரோடு இருக்கும்போதே சங்கத்திலும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் கோயில் சபையிலும் அவளுக்கு ஒரு கதிரை போடுவோம்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். மாற்றுக் கருத்து என்றாலும் பரவாயில்லை, மரியாதையாகப் பேசுவோம்.