ஊர்க்கணக்கு: ஆரணி... தறிக்கு நாலு கை வேணும்!

ஆரணிக்கு ரயிலில் போக நினைப்பவர்கள் 'ஆரணி ரோடு' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். இறங்கிப் பார்த்தால் அது களம்பூர்! அங்கிருந்து பஸ் பிடித்துத்தான் ஊருக்கு வர வேண்டும். 1751-ல் ராபர்ட் கிளைவின் படை சண்டை போட்ட ஊர் இது. இப்போது நெசவுத் தெருக்களில் கேட்கும் பெரிய சத்தமே தறியின் 'டக்... டக்...'தான்.

2011 கணக்கெடுப்பின்படி ஆரணி நகராட்சியில் 63,671 பேர். அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பு சுமார் 61 ஆயிரம். அதே காலத்தில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 15 சதவிகிதத்துக்கு மேல் கூடியது. ஆரணி 5 சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை. (முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டார நெசவு ஊர்கள் இந்தக் கணக்கில் வராது.)

கவனிக்க வேண்டிய எண் இன்னொன்று. ஆரணியில் 1,000 ஆண்களுக்கு 1,036 பெண்கள். மாநில சராசரி 996.

புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டுக்குப் பின்னால் இந்தப் பெண்களின் கை நிறைய இருக்கிறது. குழித்தறியில் ஒருவர் உட்கார்ந்து மிதியை மிதித்து நெய்வதுதான் கண்ணில் படும். அவர் நாடாவை வீச வேண்டுமென்றால், அதற்குள் போடும் தாரில் முன்கூட்டியே நூல் சுற்றியிருக்க வேண்டும். அது பெரும்பாலும் மனைவி அல்லது அம்மாவின் வேலை. சமையலுக்கு நடுவே, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு வந்து, ராட்டை முன்னால் உட்கார வேண்டும். ஒரு பாவு முடிந்தால் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழையதோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். கோர்வைக் கரை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு நாடாவைத் தள்ளவும் ஆள் தேவை. தானே தறியில் இறங்கி நெய்யும் பெண்களும் உண்டு.

கூலி மட்டும் சேலைக்கு இவ்வளவு என்றுதான். எத்தனை கை உழைத்தது என்று யாரும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறித் தறி நின்றால் அதுவும் கிடையாது.

முன்பு கூடமாட உதவிய பிள்ளைகள் இப்போது படித்துவிட்டு செய்யாறு சிப்காட், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், மாதச் சம்பளமும் பி.எஃப்-பும் தறியில் கிடைக்காதே! ஆனால், அவர்கள் விட்டுப்போன வேலையும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பார்.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க சுமார் 35 லட்சம் தொழிலாளர்கள். அதில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். நூல் சுற்றுவது, பாவு போடுவது எல்லாம் அதில் தொழிலாகவே சேர்க்கப்பட்டது.

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027-க்கு வருகிறது. தனியாகக் கூலி வாங்காமல் வீட்டுத் தொழிலில் கைகொடுப்பவரும் அதன் விதிப்படி 'வேலை செய்பவர்'தான். கணக்கெடுக்க வருபவர் ஆரணியின் வாசல்களில் கேள்வி கேட்கும்போது, தார் சுற்றும் அம்மாக்கள் "தறி வேலை" என்றே பதில் சொல்லலாம்.