விண்கலத்தில் குப்பைத்தொட்டி எங்கே?

"சினிமாவுல லாஜிக் பாக்காதீங்க பாஸ்" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. லாஜிக் பார்க்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, ‘டிக் டிக் டிக்’ (2018) வந்தபோது "காத்தே இல்லாத இடத்துல சத்தம் எப்படிக் கேக்கும்?" என்பதோடு முடித்துக்கொண்டார்களே, அவர்களோடுதான் சண்டை. ‘ஸ்டார் வார்ஸ்’ சத்தத்துக்கு மட்டும் விசிலடிப்பார்கள். போகட்டும், சத்தம் சின்ன விஷயம். ஒரு கலம் நிஜமா, அட்டையா என்று பார்க்க நான் கேட்பது வேறு: சூடு எங்கே போகிறது? குப்பை எங்கே போகிறது?

நான் கொடுங்கையூர்க்காரன். இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. ஊர்க்குப்பை லாரி லாரியாக எங்கள் பக்கம்தான் வருகிறது. அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கரண்ட் ஆகிறது. மிச்சம் புகையோடும் தண்ணீரோடும் வெளியே போயே ஆகணும். எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களிடம் வெந்நீரைப் பற்றிக் கேளுங்கள், சொல்வார்கள்.

விண்வெளியில் சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. கதிர்வீச்சாகத்தான் வெளியேற்ற முடியும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மடிப்பு மடிப்பாக நீண்டிருக்கும் வெள்ளைத் தகடுகள் அதற்குத்தான். உள்ளே ஓடும் அம்மோனியா சூட்டைச் சுமந்துவந்து அங்கே கொட்டுகிறது. குப்பையைச் சரக்குக் கலத்தில் அடைத்து வளிமண்டலத்தில் எரியவிடுகிறார்கள்.

எல்லோரும் கும்பிடும் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யை (1968) எடுங்கள். எடையற்ற இடத்தில் கழிவறையை எப்படிப் பயன்படுத்துவது என்று நீளமான அறிவிப்புப் பலகை அதில் உண்டு. அதற்காகவே குப்ரிக்குக்கு ஒரு சல்யூட். ஆனால் டிஸ்கவரி கலத்துக்கு முதலில் வரைந்திருந்த வெப்பத் தகடுகளைத் தூக்கிவிட்டார்கள். ஜனங்கள் இறக்கை என்று நினைத்துவிடுவார்களாம்! அணுசக்தியில் ஓடுகிற கலம், சூடு போக வழியில்லை. ஆட்கள் அவிந்தே போயிருப்பார்கள், ஹாலுக்குக் கொலை செய்யும் வேலையே மிச்சம். ‘அவதார்’ (2009) கலத்தில் பெரிய பெரிய தகடுகளை வைத்தார்கள். யாரும் குழம்பி எழுந்து ஓடவில்லை.

எம்.ஜி.ஆரின் ‘கலையரசி’யை (1963) இந்தக் கணக்கில் இழுக்க மாட்டேன். அந்த வருஷம் நவம்பர் 21-இல்தான் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டே கிளம்பியது. பறக்கும் தட்டில் நம்பியார் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகட்டும், தப்பில்லை. 2018-இல் அந்தச் சாக்கு செல்லாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் எங்கள் மொட்டைமாடியில் வெளிச்சம் தெரியும். ‘டிக் டிக் டிக்’கோ விண்கல்லை எண்ணூரில் போட்டுவிட்டு, பளபளக்கும் கலத்தில் ஏறிப் போய்விடுகிறது. எண்ணூர் என்றால் ஏதாவது வந்து விழுவதற்கான இடம், அவ்வளவுதானா?

‘ஏலியன்’ (1979) வேறு ஜாதி. நாஸ்ட்ரோமோ ஒரு சுத்திகரிப்பு ஆலையை இழுத்துக்கொண்டு வரும் இழுவைக் கப்பல். தண்ணீர் சொட்டுகிறது, சங்கிலி தொங்குகிறது, என்ஜின் ஆட்கள் ரெண்டு பேர் போனஸ் பங்குக்காக மல்லுக்கட்டுகிறார்கள். அதன் அறிவியலில் பாதி கப்ஸாதான். ஆனாலும் மணலியில் ஷிப்ட் முடிந்து வருகிற எந்த அண்ணனுக்கும் அந்த இடம் சட்டென்று புரியும்.

அடுத்த விண்வெளிப் படம் எடுக்கப்போகிறவர் யாராவது இதைப் படித்தால், செட் போடுகிறவரிடம் ஒரு கழிவறையும் நாலு குப்பை மூட்டையும் கேட்டு வாங்குங்கள். மூட்டை கட்டுகிறவருக்கு ரெண்டு வரி வசனமும் கொடுங்கள்.