செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவி

சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டப் பந்தயத்தில் நானும் கலந்துகொண்டேன். பரிசு கிடைக்கவில்லை, நான்காவதாகத்தான் வந்தேன். அந்த ஓட்டத்திற்கென ஒரு ஜோடி கான்வாஸ் காலணி வாங்க என் தாயுடன் திருச்செந்தூருக்குச் சென்றிருந்தேன். கடையில் ஆறு ஜோடிகளைப் போட்டுப் பார்த்தேன். விரல் நுனியை அழுத்திப் பார்த்தேன். அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தேன். கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தும் பார்த்தேன். என் தாய் தம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஓர் ஓரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு வினாடி ஓட்டம். அதற்கு ஆறு ஜோடிப் பரிசோதனை! நாள்தோறும் எட்டு மணி நேரம் உப்புநீரில் நிற்கும் என் தாயை, ‘இதைப் போட்டுப் பாருங்கள், காலுக்குச் சரியாக இருக்கிறதா?’ என்று என்றைக்காவது யாராவது கேட்டிருப்பார்களா? அன்றிரவு எழுந்த இந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

நான் குலசேகரன்பட்டினத்தைச் சேர்ந்தவள். முத்தாரம்மன் கோயில் தசராவால் எங்கள் ஊரை நாடறியும். சிறிய ஏவுகலங்களுக்கான ஏவுதளத்திற்கு 28-2-2024 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட பின் உலகமும் அறியத் தொடங்கியிருக்கிறது. ஆனால் விடியுமுன் ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களுக்கு வேனில் ஏறிச் செல்லும் பெண்களை யார் அறிவார்? என் தாய் அவர்களுள் ஒருவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ‘முதல் பட்டதாரி’ச் சான்றிதழில் இருப்பது என் பெயர், அதற்குக் காரணம் அந்தக் கால்கள்.

நாட்டில் குஜராத்திற்கு அடுத்தபடியாக உப்பு விளைவிப்பது தமிழ்நாடு. அதில் பெரும்பகுதி நம் தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கு உப்பு இருக்கிறது. வெயிலில் வற்றி வற்றி, பாத்தியில் உப்பு படியும் வேளையில் அது ஏறத்தாழ 25 பங்காகிவிடும். அந்த நீர் தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதைச் சவ்வூடுபரவல் பாடம் படித்த எவரும் அறிவர். குதிகால் வெடிக்கும். வெடிப்பில் உப்பு இறங்கும். உப்புப் படிகத்தின் கூரிய முனை மேலும் கிழிக்கும். தசராவுக்கு மாலை போட்டவர் வெறுங்காலுடன் நடப்பது வேண்டுதல். அளத்தில் வெறுங்காலுடன் நிற்பது யாருக்கு வேண்டுதல்?

‘ரப்பர் பூட்ஸ் கொடுக்கலாமே!’ என்பீர்கள். கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்க்கும் ஒரு ஜோடி கிடைத்தது. எட்டாம் எண் அளவு. அவருடைய கால் ஐந்தாம் எண். நம் கடைகளில் வழங்கும் இந்த எண்கள் ஆங்கிலேயர் வாற்கோதுமை மணியை வைத்து வகுத்த கணக்கில் வந்தவை. மூன்று மணி சேர்ந்தால் ஓர் அங்குலம்; எண் ஒன்று கூடினால் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். அப்படியானால் ஐந்துக்கும் எட்டுக்கும் இடையே முழுதாக ஓர் அங்குலம்! பாத்திச் சேற்றில் அடியெடுத்து வைத்தால் கால் மேலே வரும். பூட்ஸ் உள்ளேயே நிற்கும்.

“ஏட்டி, இத மாட்டிக்கிட்டு நடந்தா ரெண்டு குடத்தக் கால்ல கட்டுன மாதிரி இருக்கு” என்று ஒரே வாரத்தில் கழற்றி வைத்துவிட்டார். பழைய காலுறையைப் போட்டு, அதன்மேல் ரப்பர் செருப்பை வார் வைத்துக் கட்டிக்கொண்டு பழையபடி வேலைக்குச் சென்றார். அந்தப் பூட்ஸ் எங்கள் வீட்டுப் புறவாசலில் இன்னும் கிடக்கிறது. ஒன்றில் என் தம்பி கற்றாழை நட்டிருக்கிறான்.

‘கொடுத்தாலும் இவர்கள் போடுவதில்லை, பழக்கமில்லாத சனங்கள்’ என்று சொல்லுவோர் உண்டு. இதை நான் மறுக்கிறேன். பொருந்தாத சட்டையை நாம் அணிவோமா? அளவு கேளாமல் தைத்துக் கொடுத்துவிட்டு, அணியாதவனைக் குறை கூறுவது என்ன நியாயம்? ‘செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?’ என்று நம் பெரியோர் கேட்டது வெறும் பழமொழியாக நின்றுவிடக் கூடாது.

நீர் புகாத காலணி என்றால் என்ன? இதனைச் சற்று ஆராய்வோம். தோல் காலணி உப்புநீருக்கு ஆகாது. நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும். தையல் துளைகள் வழியே நீர் புகும். இரும்பு வளையங்கள் துருப்பிடிக்கும். கான்வாஸோ ஒரு நாழிகையில் ஊறிவிடும். 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் இருக்கும் ரப்பரைக் கண்டறிந்தார். தையலே இல்லாமல் ஒரே வார்ப்பாக வரும் பூட்ஸ் அதன் பயனாகக் கிடைத்தது. நீருக்கு அதுவே சிறந்தது; ஐயமில்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. வெளிநீரை உள்ளே விடாத ரப்பர், உள்நீரையும் வெளியே விடாது! வியர்வை அதற்குள்ளேயே தேங்கும். பூட்ஸின் உயரம் குறைவாக இருந்தால் பாத்தி நீர் மேல்வழியே உள்ளே இறங்கிவிடும். பிறகு அது காலணி அன்று. காலில் மாட்டிய உப்புத் தொட்டி. ஆகவே பாத்தி நீரின் ஆழத்தைவிட உயரம் கூடுதலாக இருக்க வேண்டும். உள்ளே பருத்திக் காலுறை வேண்டும். அதுவும் இரண்டு ஜோடி, நண்பகலில் ஒன்றை மாற்றிக்கொள்ள. அடிப்பாகத்தில் ஆழமான வரிப் பள்ளங்கள் இருந்தால்தான் தலையில் சுமையுடன் வரப்பேறும்போது வழுக்காது. எடையோ எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மாலையில் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் கவிழ்த்து வைத்தால் நீடித்து உழைக்கும். வெயிலில் காயப்போட்டால் ரப்பர் வெடித்துவிடும். அளவு பார்ப்பதும் மாலையில்தான் நல்லது. நாளெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துவதே வேலைக்கும் பொருந்தும்.

இவற்றுக்கெல்லாம் முதன்மையானது அளவு. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், நாடெங்கும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டோரின் பாதங்களை 2021-22-ல் கருவி கொண்டு அளந்தது. நம்மவர் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்று அந்த ஆய்வு கண்டது. நமக்கென்றே ‘பா’ என்னும் புதிய அளவு முறையும் அதன் பயனாக வகுக்கப்பட்டது. நீளம் சரியாக இருந்தும் பக்கவாட்டில் கடிக்கிறதே என்று நாம் இத்தனை காலம் நொந்துகொண்டோமே, குறை நம் காலில் இல்லை நண்பர்களே! அளவுகோலில் இருந்தது.

எனவே என் கருத்து இதுதான். அளத் தொழிலாளர்க்குக் காலணி வழங்குவோர் யாராயினும் சரி, எத்தனை ஜோடி என்று எண்ணுமுன் யார் யார் கால் எவ்வளவு என்று அளக்கட்டும். பெண்களுக்கேற்ற சிறிய அளவுகளையும் வரவழைக்கட்டும். ஒரு நாள் அணிந்து வேலை செய்து பார்த்து, பொருந்தாவிடில் மாற்றிக்கொள்ளும் உரிமையை அணிபவருக்கே கொடுக்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டாம். ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். அந்த வேலையைச் செய்ய நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க மாட்டார்களா? நான் முதல் ஆளாகப் பெயர் கொடுக்கிறேன்.

இந்த ஆண்டு உதவித்தொகை கைக்கு வந்ததும் மறுபடியும் திருச்செந்தூருக்குச் சென்றோம். இம்முறை அமர்ந்தவர் என் தாய், நின்றவள் நான். ஐந்தாம் எண்ணில் மூன்று ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்து வைக்கச் சொன்னேன். வெடிப்பேறிய பாதத்தைக் கடைக்காரர் முன் நீட்ட அவர் வெட்கப்பட்டார். இரண்டாவது ஜோடி பொருந்தியது. எழுந்து நின்றவர், உடனே நடக்கவில்லை. கடைக்காரரைப் பார்த்து, “அய்யா, கொஞ்சம் நடந்து பாத்துக்கிடட்டுமா?” என்று அனுமதி கேட்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன நாட்டில், உப்பெடுத்தவர் தம் காலுக்கேற்ற காலணியைப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்கும் நிலை இருக்கலாமா? சிந்தியுங்கள்!