கடல் தாய் ஏற்றுக்கொள்வாளாமே!

தாம்பிரவருணியில் ஒரு முழுக்குப் போட்டால் ஏழு ஜன்மத்துப் பாவமும் தொலையும் என்பதாக நமது பக்கத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அதற்கென்றே ஆறு மலையிறங்கும் ஊருக்குப் பாபநாசம் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. 2018-ம் வருஷம் அக்டோபரில் 144 வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மகா புஷ்கரம் என்று விளம்பரம் செய்து, படித்துறை படித்துறையாக ஜனங்களை முழுகவைத்துத் தட்சணையும் வாங்கினார்கள். முழுகினவர்கள் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டுமென்பது பாபநாசத்துச் சம்பிரதாயம். அப்படி விட்ட துணிகளை டன் கணக்கில் வாரி எடுக்கிற வேலை வேறு யாருடைய தலையிலோ விழுகின்றது.

நாம் கேட்பது ஒரு சிறிய கேள்விதான். ஆற்றில் விட்டதெல்லாம் எங்கே போகின்றது? புன்னைக்காயலில் கடலுக்குப் போகின்றது. “கடல் பெரிது, கடல் தாய் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வாள்” என்கின்றார் வைதிகர். வேடிக்கை என்னவென்றால், புகைபோக்கி கட்டின முதலாளியும், சாக்கடையை ஆற்றுக்குத் திருப்பின அதிகாரியும் இதே பதிலைத்தான் சொல்லுகின்றார்கள். வைதிகர் மந்திரத்தில் சொல்லுகின்றார், மற்றவர்கள் தஸ்தாவேஜில் எழுதுகின்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடல் எதை எப்படி ஏற்றுக்கொள்ளுகின்றதென்று பார்ப்போம். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதன் வானத்தில் விடுகிற கரியமில வாயுவில் சுமார் நாலில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக் கொள்ளுகின்றது. 1979-ல் தொடங்கிய தூத்துக்குடி அனல் மின் நிலையமும், அதற்குப் பின் அக்கம்பக்கத்தில் வந்தவைகளும் விட்ட புகையும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. அந்த வாயு தண்ணீரில் கரைந்தால் அமிலமாகின்றது. சோடாப் புட்டியில் சுருக்கென்று நாக்கைப் பிடிப்பது அதே அமிலந்தான். யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் கடலின் பி.எச். அளவு சுமார் 8.2 ஆக இருந்தது. இப்போது சுமார் 8.1. “அடே, இந்தப் புள்ளிக்கா இவ்வளவு சத்தம்?” என்று கேட்கும் மேதாவிகளுக்குச் சொல்லுகின்றோம்: அந்த அளவில் ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு ஏறினதாக அர்த்தம். புள்ளி ஒன்று குறைந்ததில் நூற்றுக்குச் சுமார் முப்பது பங்கு ஏறியிருக்கின்றது. “நாக்கில் விட்டால் உப்புத்தானே கரிக்கிறது, புளிக்கவில்லையே” என்றால், வாஸ்தவம். கடல் இன்னமும் காரத் தண்ணீர்தான். ஆனால் அது நம் நாக்குக்காக ஏற்பட்டதல்ல. அதற்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

குடியிருப்பவர்கள் யார்? மீனும் சங்கும் மாத்திரமா? ஒரு தேக்கரண்டிக் கடல் தண்ணீரில் சுமார் ஐம்பது லக்ஷம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. தூத்துக்குடியும் தென்காசியும் பிரியாத பழைய திருநெல்வேலி ஜில்லா முழுவதிலும் 2011 கணக்குப்படி இருந்த ஜனத்தொகையே 48 லக்ஷம்தான். கிருமி என்றதும் காலரா என்று நினைத்து மூக்கைப் பிடிக்க வேண்டாம். பெரும்பாலானவை எந்த நோயும் தராதவை. செத்த பாசி, செத்த மீன், ஆறு கொண்டுவரும் குப்பை அத்தனையையும் தின்று, கரைத்து, மறுபடியும் உரமாக்கிப் பாசிக்குக் கொடுப்பது இவைதான். அந்தப் பாசியைத் தின்றுதான் சாளை மீன், சாளையைத் தின்றுதான் சீலா. அழுக்கை அகற்றுகிறவனையே அழுக்கன் என்று சொல்லித் தள்ளிவைத்த தேசமல்லவா நமது. கிருமிகளுக்கும் அதே மரியாதைதான் கிடைத்திருக்கின்றது.

கடல் புளித்தால் இந்தத் தொழிலாளிகளுக்கு என்ன ஆகும்? இதை ஞானதிருஷ்டியில் அல்ல, சோதனையில் பார்த்திருக்கின்றார்கள். கடலில் சேருகிற அமோனியாவை நைட்ரேட் உப்பாக மாற்றுவதற்கென்றே சில பாக்டீரியாக்களும், அவைகளுக்குத் தாயாதி போன்ற ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. தண்ணீரில் அமிலம் ஏறினால் அமோனியா, அம்மோனியம் என்கிற வேறு உருவத்துக்கு மாறிவிடுகின்றது. இலையில் போட்ட சோறு கல்லாகிப் போனமாதிரி. இவை தின்பதற்கு இல்லாமல் வேலை தட்டுப்படுகின்றது. அட்லாண்டிக், பசிபிக் சமுத்திரங்களில் கரையோரத்திலும் நடுக்கடலிலும் எடுத்த தண்ணீரில் பி.எச். அளவை 0.05 முதல் 0.14 வரை மாத்திரம் குறைத்துப் பார்த்ததில், எல்லா இடத்திலும் இந்த வேலை நூற்றுக்கு 8 முதல் 38 பங்கு வரை குறைந்துபோனதாக 2011-ல் வெளியிட்டார்கள். எல்லாக் கிருமியும் இப்படியே படுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. சில பாக்டீரியாக்கள் அமிலம் ஏறினால் சர்க்கரைப் பொருள்களை இன்னும் வேகமாக அறுத்துத் தின்பதாகவும் கண்டிருக்கின்றார்கள். ஒரு பட்டறையில் ஒருவன் கை ஓய்ந்து, இன்னொருவன் கை ஓடினால், வேலை நடக்குமா, சண்டை நடக்குமா?

நிற்க. நடுக்கடலைவிடக் கரையோரம் மோசமாவதற்கு இன்னொரு காரணமுண்டு. அதற்கு லண்டனையோ நியூயார்க்கையோ குறை சொல்ல முடியாது. திருநெல்வேலிச் சாக்கடை தாம்பிரவருணியில் விழுவது ஊரறிந்த இரகசியம். மதுரை ஹைகோர்ட்டுக் கிளையின் நீதிபதிகள் 2024 நவம்பரில் தாங்களே நேரில் வந்து ஆற்றைப் பார்க்கும்படியாயிற்று. சாக்கடைச் சத்தும் வயல் உரமும் ஆற்றோடு கடலுக்குப் போனால் பாசி மிதமிஞ்சிப் பெருகுகின்றது. பெருகினது செத்து அடியில் விழுகின்றது. பாக்டீரியாக்கள் அதைத் தின்கின்றன. தின்னும்போது நம்மைப்போலவே பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடுகின்றன. ஆகவே வானத்திலிருந்து ஒரு பங்கு அமிலமும், அடியிலிருந்து ஒரு பங்கு அமிலமும் சேர்ந்து கரைத்தண்ணீரை இரண்டு பக்கமும் பிடிக்கின்றன. அமெரிக்காவில் மிசிசிபி விழும் கடலிலும் சீனாவில் யாங்சி விழும் கடலிலும் இப்படி நடப்பதை 2011-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். நம் ஆறு சின்ன ஆறுதான், ஆனால் ரசாயனம் ஆற்றின் புண்ணியத்தைப் பார்த்து மாறாது.

மன்னார் வளைகுடாவில் 2008-லும் 2019-லும் தண்ணீர் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கினதை ராமநாதபுரம் கரையிலுள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது நொக்டிலூக்கா என்னும் ஓரணு உயிர் மிதமிஞ்சிப் பெருகினதால் வந்தது, பாக்டீரியாவல்ல. அமிலத்தால் வந்ததென்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் பெருகினது சாகும்போது பிராணவாயு தீருவதும் கரியமில வாயு ஏறுவதும் மேலே சொன்ன அதே கதைதான்.

இந்தக் கரையில் சிப்பிக்கும் பவளத்துக்கும் இருக்கிற சம்பந்தம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாம்பிரவருணி முகத்துக் கொற்கையின் முத்து கடல்கடந்து போனது. முத்துச் சிப்பியின் ஓடும் பவளத்தின் எலும்பும் சுண்ணாம்பு. புளிப்பு ஏற ஏறச் சுண்ணாம்பு கட்டுவது கஷ்டம். அதற்கும் முன்னால் ஒரு கஷ்டம் உண்டு. மிதந்து திரியும் பவளக் குஞ்சு, பாறைமேல் படிந்திருக்கும் பாக்டீரியா ஏட்டின் வாசனையைக் கொண்டுதான் பல இடங்களில் உட்கார இடம் தேடுகின்றது. அமிலத்தில் அந்த ஏட்டிலுள்ள கிருமிகளின் கூட்டு மாறினால் உட்காருகிற குஞ்சும் குறைவதாகச் சோதனைகளில் தெரிகின்றது. இங்கோ சூளைக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வருஷக்கணக்காக வெட்டினோம். 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. 1986-ல் தேசியப் பூங்கா என்று பலகையும் நட்டார்கள். பலகையைக் கண்டு புளிப்பு திரும்பிப் போகுமா?

மீன்பாடு குறைந்தால் கடலோரத் தோழர்களிடம் என்ன சொல்லுகிறார்கள்? கடல் கோபித்துக்கொண்டது, கொடை கொடு, கூழ் ஊற்று, மெழுகுவர்த்தி ஏற்று என்கிறார்கள். இதில் ஒரு மதத்துக்காரருக்கும் இன்னொரு மதத்துக்காரருக்கும் வித்தியாசமில்லை. மீன் குறைவதற்கு இழுவை மடி முதலிய வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் புளிப்பின்மேல் போடுவது மற்றொரு மூடநம்பிக்கையாகும். ஆனால் கோபித்தாள் என்று சொன்னவுடன் காரணம் தேடுகிற வேலையே நின்றுபோகின்றதே, அதுதான் நமது ஆத்திரம். குழாய் வைத்தவனும் புகைவிட்டவனும் அந்தக் கூட்டத்திலேயே முன்வரிசையில் நின்று பிரசாதம் வாங்கிக்கொண்டு போகின்றான்.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புஷ்கரத்தைப் பரிகசித்த பகுத்தறிவுத் தோழர்கள் வீட்டுக் கக்கூஸ்கள் எங்கே வடிகின்றன? முழுக்குப் போட்டவன் பன்னிரண்டு நாள் ஆற்றைக் கெடுத்தான்; நாம் வருஷம் 365 நாளும் கெடுக்கின்றோம்.

ஆகவே திருநெல்வேலி மாநகராட்சியைக் கேட்கின்றோம்: ஒரு நாளைக்கு இந்த ஊரில் உண்டாகும் சாக்கடை எவ்வளவு, சுத்தம் செய்வது எவ்வளவு, மீதி எந்த வழியாக ஆற்றுக்குப் போகின்றது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வார்டிலும் ஒட்ட முடியுமா? சர்க்காரைக் கேட்கின்றோம்: புன்னைக்காயல் முகத்துத் தண்ணீரின் பி.எச்., பிராணவாயு, அமோனியா ஆகிய மூன்றையும் மாதாமாதம் அளந்து, மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் ஒரு கரும்பலகையில் எழுதிவைக்க என்ன செலவாகும்? அடுத்த புஷ்கரத்துக்கு ஒதுக்கப்போகிற பந்தல் செலவுக்கு மேல் ஆகாதென்பது நமது அபிப்பிராயம்.