சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

மே மாதத்து முதல் சனிக்கிழமை. ஒஹையோவில் குளிர்காலம் முழுக்கச் சுருண்டு கிடந்த புல், ஏப்ரலில் நாலு மழை விழுந்ததும் வெறி பிடித்ததுபோல் எழுந்து நிற்கிறது. எங்கள் ஊர் விதிப்படி எட்டு அங்குலத்தைத் தாண்டினால் வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். ஷெட்டைத் திறந்தேன். புல் வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினேன்.

ஒன்றுமில்லை. ஒரு இருமல் இல்லை, முனகல் இல்லை. இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவனைப்போல வண்டிமேல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டைச் சுற்றி எனக்கு முக்கால் ஏக்கர் புல். நம் கணக்கில் எழுபத்தைந்து சென்ட். மன்னார்குடிப் பக்கம் எழுபத்தைந்து சென்ட் இருந்தால் வீட்டுக்கு வேண்டிய நெல் வந்துவிடும். இங்கே விளைவதெல்லாம் வெட்டிப் போடுவதற்காகவே விளைகிறது. நான் ஒருவன்தான் இந்தப் பைத்தியக்காரத்தனத்தில் இருக்கிறேன் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் புல்தரை எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு வரும் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். அடக்கமாகப் பார்த்தாலே சுமார் 1,28,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000. ஏறக்குறைய ஒரு தமிழ்நாட்டையே புல்லாக வளர்த்து, வாராவாரம் சிரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புல் வெட்டும் எந்திரத்தை 1830-ல் கண்டுபிடித்தவர் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர். துணி ஆலையில் கம்பளியின் பிசிறை வெட்டும் எந்திரத்தைப் பார்த்து யோசனை வந்ததாம். அவருடையது கையால் தள்ளுவது. சாவி கிடையாது, பேட்டரி கிடையாது, ஆகவே ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கும் வழி கிடையாது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

என் வண்டி அப்படியில்லை. அது கிளம்ப வேண்டுமானால் பலபேர் கையெழுத்துப் போட வேண்டும். பிரேக் மிதி முழுக்க அழுந்தியிருக்க வேண்டும். அதற்கு ஒரு சுவிட்ச். பிளேடை ஓடவிடும் லிவர் இறங்கியிருக்க வேண்டும். அதற்கு ஒரு சுவிட்ச். சீட்டில் ஆள் இருக்கிறானா என்று பார்க்க, சீட்டுக்கு அடியில் இன்னொரு சுவிட்ச். இதற்குமேல் ஃபியூஸ், பேட்டரி, ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலினாய்டு. தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றப் போனவனுக்கு இந்த முறை புரியும். ஒரு மேசையில் ஃபைல் நின்றாலும் வேலை நடக்காது. எந்த மேசையில் நிற்கிறது என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பேட்டரியில் மீட்டர் வைத்தேன். முழு சார்ஜ் என்றால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 11.7 காட்டியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டேன். ஞாயிறு காலை 12.7. சாவியைத் திருப்பினேன். அதே மௌனம்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் சாய்ந்துகொண்டு, “அந்த சுவிட்ச் எல்லாத்தையும் ஒரு வயர் போட்டு நேரா இணைச்சிடு, நான் அப்படித்தான் செஞ்சேன்” என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த சுவிட்சுகள் இருப்பதே, ஆள் தவறி விழுந்தாலோ பாதியில் இறங்கினாலோ கீழே சுழலும் பிளேடு நிற்பதற்காக. எனக்கு இரண்டு கால்களும் வேண்டும். மல்லாந்து படுத்து வண்டிக்குக் கீழே டார்ச் அடித்தேன்.

பிரேக் கம்பிக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பொத்தான். மிதியை அழுத்தினால் ஒரு தகடு வந்து அதை உள்ளே தள்ள வேண்டும். தகடு வரத்தான் செய்தது. ஆனால் தகட்டுக்கும் பொத்தானுக்கும் நடுவே போன வருஷத்துப் புல் தூசும் கிரீஸுமாகச் சேர்ந்து, காய்ந்து, வரட்டிபோல அப்பிக்கொண்டிருந்தது. பொத்தான் பாதிதான் இறங்கியது. ‘பிரேக்கை மிதிக்கவில்லை’ என்று வண்டி முடிவு செய்துவிட்டது. இரண்டு நாளாக நான் கால் வலிக்க மிதித்துக்கொண்டிருக்கிறேன்! ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்தேன். சாவியைத் திருப்பினால், ‘டிக்’.

ஒரே ஒரு டிக். அதற்குமேல் இல்லை. இருந்தாலும் முன்னேற்றம்தான். டிக் சத்தம் வந்தால் உத்தரவு சொலினாய்டு வரை போய்விட்டது, ஸ்டார்ட்டர் சுற்றுமளவுக்கு மின்சாரம்தான் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். தேடினால், பேட்டரியின் நெகட்டிவ் வயரை சேசிஸில் முடுக்கியிருந்த இடத்தில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி முடுக்கினேன். என்ஜின் ‘கிர்ர் கிர்ர்’ என்று சுற்றியது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவில்லை. இதற்குள் இருட்டிவிட்டது. மெக்கானிக் கடைக்குப் போன் போட்டால், மே மாதம் என்பதால் மூன்று வாரம் ஆகுமாம். மூன்று வாரத்தில் இந்தப் புல்லுக்குள் யானை ஒளியலாம்.

அடுத்த சனிக்கிழமை ஊரிலிருந்து சித்தப்பா வீடியோவில் வந்தார். டி.வி.எஸ் 50 ஒன்றை முப்பது வருஷம் தானே பிரித்துத் தானே மாட்டி ஓட்டியவர். வண்டியைச் சுற்றிக் காட்டினேன்.

“இதெல்லாம் எதுக்குடா காட்டுறே? பிளக்கைக் கழட்டு. ஈரமா இருக்கா, காஞ்சு கெடக்கா?”

“காஞ்சு கெடக்கு சித்தப்பா.”

“அப்ப பெட்ரோல் எறங்கல. கார்ப்பரேட்டர்ல அடைப்பு. பெட்ரோல் எப்ப ஊத்துனது?”

“போன அக்டோபர்ல.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஏழு மாசமா தம்பி?” என்றார், ஊசிப்போன சோற்றை விருந்தாளிக்குப் போட்டவனைக் கேட்பதுபோல.

இங்கே பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் சும்மா நின்றால் பெட்ரோல் கெட்டு, அடியில் பிசின்போலப் படியும். கார்ப்பரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றியதும் வந்த வாசனை பெட்ரோல் வாசனை இல்லை, வார்னிஷ் வாசனை. என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் ஜெட்டைத் தனியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பித்தளையில் ஊசி முனை அளவு துளை. வெளிச்சம் தெரியவில்லை. பழைய வயர் ஒன்றைச் சீவி, அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி, துளைக்குள் விட்டு இழுத்தேன். திரும்பவும் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பொட்டு வானம்.

பழைய பெட்ரோலை வடித்து, புதிதாக ஊற்றி, சாவியைத் திருப்பினேன். ஒரு தும்மல், கொஞ்சம் கரும்புகை, பிறகு ஓட்டம். மொத்த ரிப்பேருக்கும் ஆன செலவு ஒரு உப்புத்தாள், ஒரு செம்பு இழை. காலம் இரண்டு வாரக் கடைசிகள்.

கோளாறு வந்ததற்காக எனக்குக் கோபமில்லை. எந்திரம் என்றால் கெடத்தான் செய்யும். பாதுகாப்பு சுவிட்ச் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் ஆதங்கம் ஒன்றுதான். என் கார் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் கூவிச் சொல்கிறது. பிரின்டர்கூடக் காகிதம் சிக்கியதைச் சொல்கிறது. இரண்டாயிரம் டாலருக்குமேல் கொடுத்து வாங்கிய இந்த வண்டிக்கு, ‘பிரேக் சுவிட்ச்’ என்று எரிய ஒரு குண்டுமணி விளக்கு வைக்க யாருக்கும் தோன்றவில்லையா? மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த எந்திரத்துக்கு ஏன் என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி மூச்சுவிடாமல் சித்தப்பாவிடம் பொருமிக்கொண்டே ஸ்பேனர்களை ஷெட் அலமாரியில் திரும்ப அடுக்கினேன். பின்வரிசையில் ஒரு சிவப்புப் புட்டி தட்டுப்பட்டது. பெட்ரோல் கெடாமலிருக்க டேங்கில் கலக்கும் மருந்து. ‘வண்டியை நிறுத்தி வைக்கும் முன் ஊற்றவும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போன அக்டோபரில் நானே வாங்கி வைத்தது. சீல் உடைக்கவில்லை.